கறள் பிடிச்ச நட்டைக் கழட்டத் தெரியுமா?

போன மாதம் நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு நட்டோடு மல்லுக்கட்டினோம். கார், அவருடைய அப்பப்பா வைத்திருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். சைலன்சர் குழாய் ஓட்டையாகி, ஊரையே எழுப்புகிற சத்தம். புதுக் குழாய் வாங்கியாச்சு. பழைய கிளாம்புகளைத்தான் திரும்பப் போடவேணும். ஆனால் நட்டுகள் அசையவில்லை.

முதல் நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு ஒருத்தர் காலால் உதைத்தார். நட்டின் மூலைகள் வழிச்சுக்கொண்டு போய்விட்டன. இரண்டாவதுக்கு ஸ்பனரில் நீட்டுக் குழாய் மாட்டி இழுத்தோம். 'டக்' என்று கேட்டது. கழண்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டோம். போல்ட் முறிஞ்சிருந்தது.

எங்களில் இரண்டு பேர் பொறியியல் படிக்கிறவர்கள். அதையும் சொல்லத்தான் வேணும்.

பக்கத்து ஒழுங்கையில் நாற்பது வருசமாகக் கார் திருத்துகிற ஐயா ஒருவரைக் கூட்டிவந்தோம். வந்ததும், "என்ன சைஸ் போட்டனீங்கள்?" எண்டு கேட்டார். சொன்னோம். சிரித்தார். அது அங்குலக் கணக்கில் செய்த கார். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். 13-ஐப் போட்டால் அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளியால் விசை முழுக்க மூலைகளில்தான் விழும். ஜப்பான் காருக்கு வாங்கின ஸ்பனர் செட்டோடு இங்கிலாந்துக் காருக்குக் கீழே படுத்திருக்கிறோம்.

"நல்ல காலம் தம்பி, கிளாம்ப் போல்ட். எஞ்சின் பிளொக்கில முறிஞ்சிருந்தால் துளைபோட்டு எடுக்கவே ஒரு நாள் போயிருக்கும்" என்றார்.

பிறகு அவர் சொல்லித் தந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். இரும்பு கறள் பிடித்தால் முன்னிருந்ததைவிடக் கூட இடம் எடுக்கும். புரிக்குள் அந்த இடம் இல்லை. அதனால்தான் நட் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது. சுத்திவரக் கடல் இருக்கிற எங்கட ஊரில் உப்புக்காத்து அந்த வேலையை இன்னும் கெதியாக்கும். ஆகவே எங்கட பலத்தைக் காட்டவேண்டிய இடம் இது இல்லை. கறளை உடைக்கவேணும்.

முதலில் கம்பித் தூரிகையால் வெளியே தெரிகிற புரியைச் சுத்தமாக்க வேணும். கறள் இளக்குகிற எண்ணெய் இருந்தால் அடிக்கலாம். இல்லையெண்டால் டீசல் போதும். பின்னேரம் ஒருக்கா, காலமை ஒருக்கா. இடையில் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெதுவாய்த் தட்டினால், அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு சரியான சைஸில், ஆறு மூலையையும் பிடிக்கிற றிங் ஸ்பனர் அல்லது சொக்கெற். முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கழட்ட வேணும். கால் சுத்துத் திறந்து, கொஞ்சம் திருப்பி இறுக்கி, மறுபடி திறக்க வேணும். சூடு காட்டினால் நட் விரிந்து இளகும். ஆனால் பெற்றோல் டாங்கோ, பிரேக் குழாயோ, ஊத்தின டீசலோ கிட்ட இருக்கிற இடத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவும் கூடாது. மரக்கட்டை வைக்க வேணும்.

மூன்றாவது நட்டை மறுநாள் காலமை கழட்டியது எங்களில் ஆக மெலிந்த தோழி. அவர் வீட்டில் ஸ்பனரைத் தொட்டதே இல்லை. தம்பிதான் தொடலாம்.

இந்த ஐயாவுக்கு இவ்வளவு பொறுமை எங்கே இருந்து வந்தது? 1990களின் பொருளாதாரத் தடையில் இருந்து. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் அவை. ஒரு போல்ட்டை முறிச்சால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்க ஏலாத காலம். அந்தக் காலத்தைப் பெருமையாகப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. அது சனத்துக்குக் கொடுத்த தண்டனை. ஆனால் அந்தத் தண்டனைக்குள் இருந்தபடி சிலர் கற்றுக்கொண்ட கைவேலை உண்மையானது. அது அவர்களோடேயே போய்க்கொண்டிருக்கிறது.

போனால் என்ன என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் பெரிய வரியோடு. எங்களில் பலருக்குப் புது வாகனம் கனவு. வீட்டில் நிற்கிற பழையதை ஓடவைக்கத் தெரியாவிட்டால் ஒன்றும் ஓடாது.

ஆனால் நாங்கள் வளர்ந்தது வேறு மாதிரி. "படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்" என்ற வெருட்டலைக் கேட்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்கா? ரியூசனில் திருப்புதிறன் கணக்கு நூறு செய்தோம். ஒரு ஸ்பனரைக் கையில் தரவில்லை. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு கராஜ் வாசலும் இல்லை. கை கறுத்தால் மரியாதை குறையும் என்ற எண்ணம்தான் எங்களை 13 ஸ்பனரோடு அந்தக் காருக்குக் கீழே படுக்க வைத்தது.

எல்லாரும் தாங்களே திருத்தினால் கராஜ்காரரின் பிழைப்பு என்னாகும்? பிரேக்கையும் ஸ்ரியறிங்கையும் நாங்கள் தொடப்போவதில்லை, அவரிடம்தான் போவோம். ஆனால் ஒரு நட்டுக்காக ஒரு இரவு காத்திருந்தவன், "இதுக்குப் போய் இவ்வளவு காசா?" எண்டு பேரம் பேச மாட்டான்.

அதனால் சனிக்கிழமைகளில் ஐயாவை முற்றத்துக்கு அழைக்கிறோம். கூலி கொடுத்துத்தான். அவர் சொல்வதை எழுதுகிறோம், வீடியோவும் எடுக்கிறோம். ஆணோ பெண்ணோ, விருப்பமான ஆர் எண்டாலும் வரலாம். பழைய உடுப்போடு வாங்கோ.

இந்தக் கிழமை பின்பக்கக் கிளாம்ப். டீசல் வெள்ளிக்கிழமை பின்னேரமே ஊத்தியாச்சு.