பழைய துப்பாக்கிக்குப் புதுப் பட்டாடையா?

"இருப்பதைச் செப்பனிட்டால் போதாதா? கோடி கோடியாகக் கொட்டி அழுவானேன்?" என்று கேட்கிறார்கள் சிக்கனம் பேசும் செல்வர்கள். நல்ல கேள்விதான். ஆனால், கேட்பவர்கள் எல்லையிலே நிற்பவர்கள் அல்லர்!

1962இல் பனிமலையிலே நம் வீரன் ஏந்தி நின்றது .303 ரைபிள். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். எதிரே வந்தவர்களிடமோ, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள்! போருக்குப் பிறகு, இச்சாப்பூர்த் தொழிற்சாலையிலே அதே ரைபிளை மேலும் உறுதியான எஃகிலே செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றதாக்கினார்கள். அந்தத் தொழிலாளரின் திறமையைப் போற்றுகிறோம். என்றாலும், போல்ட்டை இழுக்கும் வேலை போயிற்றா? இல்லையே!

உத்தரப் பிரதேசக் காவலரின் தோளைவிட்டு .303 இறங்கியது 2020இல்தான்! (நூறாண்டு கடந்த கிழவர், பாவம்!)

பழைய ஏ.கே. 47க்கு இரவிலே குறிபார்க்கும் கருவியா? மடங்கும் கட்டையா? பொருத்துங்கள், மறுக்கவில்லை. ஆனால், 5.56 மில்லிமீட்டர் இன்சாஸை 7.62 ஆக்க வேண்டுமென்றால் குழல், போல்ட், மேகசீன் அத்தனையும் மாற்ற வேண்டும். மிஞ்சுவது பெயர்தானே!

2019இல் அமெரிக்காவிடம் 72,400 ரைபிள்கள் வாங்க ஒப்பந்தம். 2021 டிசம்பரில், ரஷ்யத் துணையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203 ரைபிள்களை அமேதியை அடுத்த கோர்வாவிலே செய்ய ஒப்பந்தம். பின்னதையே நாம் விரும்புகிறோம். பழுதானால் உதிரிப்பாகத்துக்குக் கடல் கடந்து கையேந்த வேண்டாமல்லவா?

குழல் தேய்ந்தவை எத்தனை, சீர்படுத்தத் தக்கவை எத்தனை? கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வையுங்கள். பிறகு பேசுவோம் சிக்கனத்தைப் பற்றி.