பிரிண்ட் எடுக்க ஏற்ற பக்கமும் தாருங்கள்



பாடம் சம்பந்தமான கட்டுரைகளை இணையத்தில் போடுகின்றவர்களிடம் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சின்னக் கோரிக்கைதான். உங்கள் பக்கங்களைப் பிரிண்ட் எடுக்க ஏற்ற விதத்திலும் தாருங்கள்.

"இந்தக் காலத்தில் யார் பிரிண்ட் எடுக்கிறார்கள்? எல்லோரிடமும் போன் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நாங்கள் எடுக்கிறோம். எங்கள் மாணவர்கள் வகுப்புக்குப் போன் கொண்டுவருவதில்லை. பல வீடுகளில் இருப்பதே ஒரு போன்தான். அதுவும் வாப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். போன் இல்லாத பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது போட்டோகொப்பித் தாள்தான்.

ஒரு நல்ல கட்டுரையைக் கொமினிகேஷனில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். முதல் தாள் முழுக்கத் தளத்தின் பெயரும் ஒரு பெரிய படமும். அடுத்த தாளில் மெனு. பிறகு கட்டுரை, நடுநடுவே விளம்பரம். அட்டவணை இருந்தால் வலப்பக்க நிரல் வெட்டுப்பட்டுப் போகும். கடைசித் தாளில் "இதையும் வாசியுங்கள்" என்று ஏழெட்டுத் தலைப்புகள். இரண்டு தாளில் முடிய வேண்டியது ஏழு தாளாகிவிடும். நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாருங்கள்: 80 தாள் போதுமான இடத்தில் 280 தாள். அந்தக் காசை ஒன்றில் ஆசிரியர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றாரிடம் கேட்க வேண்டும்.

கடதாசியின் பெறுமதி நமது நாட்டுக்குப் புதிய பாடமல்ல. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

"பிரிண்ட் எடுப்பதே வீண்விரயம், சுற்றாடலுக்குக் கேடு" என்போர் உண்டு. நியாயமான கவலை. ஆனால் பட்டன் இல்லை என்பதற்காக நாங்கள் பிரிண்ட் எடுக்காமல் விடுவதில்லை, கூடுதலான தாளில் எடுக்கிறோம், அவ்வளவுதான். உண்மையில் விரயத்தைக் குறைப்பது ஒழுங்கான அச்சுப் பக்கம்தான்.

"விளம்பரம் இல்லாவிட்டால் எங்களுக்கு வருமானம் எப்படி?" என்பது அடுத்த கேள்வி. கடதாசியில் இருக்கின்ற விளம்பரத்தை யாரும் கிளிக் பண்ண முடியாதே! அடியில் தளத்தின் பெயரையும் முகவரியையும் போடுங்கள். ஒரு பக்கம் நாற்பது வீடுகளுக்குப் போகும்.

"பிரவுசரிலேயே ரீடர் மோட் இருக்கிறதே" என்றும் சொல்கிறார்கள். இருக்கிறது, ஆனால் எல்லாப் பக்கத்திலும் வேலை செய்வதில்லை. கொமினிகேஷனில் வரிசையில் நிற்கும்போது அதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது.

இதற்காகத் தனிப் பக்கம் தயாரிக்கத் தேவையில்லை. திரைக்கு ஒரு தோற்றம், அச்சுக்கு இன்னொரு தோற்றம் என்று ஒரே பக்கத்துக்குள் எழுதி வைக்கும் வசதி 1998 இல் வெளிவந்த சிஎஸ்எஸ் 2 இலேயே இருக்கிறது. விக்கிப்பீடியாக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்தால் ஓரத்து மெனு வருவதில்லை; காரணம் இதுதான்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

- வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கறுப்புப் பின்னணி மையைக் குடித்துவிடும்.
- ஏ4 தாளுக்குள் அடங்கும் அட்டவணைகளும் படங்களும்.
- யூனிகோட் தமிழ். பாமினியில் தந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.
- அடியில் எழுதியவர் பெயர், திகதி, பக்க முகவரி. பிள்ளை பிறகு தேடிப் போக வேண்டுமல்லவா?

தாளில் இருந்தால் பிள்ளை கீழ்க்கோடு இடும், ஓரத்தில் கேள்வி எழுதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கும். டேட்டா முடிந்தாலும் கரண்ட் போனாலும் அந்தத் தாள் மேசையில் இருக்கும். நீங்கள் கஷ்டப்பட்டு எழுதுவது போன் இல்லாத பிள்ளையையும் சென்றடைய வேண்டும் என்றுதானே நீங்களும் விரும்புவீர்கள்?

ஏற்கனவே இப்படித் தருகின்ற தளங்களுக்கு ஜஸாக்கல்லாஹு ஹைரா. உங்களுக்குத் தெரிந்தவை இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள், மற்ற ஆசிரியர்களுக்கும் பிரயோசனப்படும்.