டூர் பஸ்ஸும் ஆதிச்சநல்லூர் சித்தப்பாவும்

ஊர்லேருந்து விருந்தாளி வந்தா வேளச்சேரிக்காரன் என்ன செய்வான்? "ரெண்டே நாள்தானா? பேசாம ஒரு டூர் பஸ்ல ஏத்தி விட்டுடு. எல்லாத்தையும் காட்டிருவான்"னு நாலு பேர் சொல்லுவாங்க. நானும் பல பேருக்கு இதே வேதத்தை ஓதினவன்தான். இந்தப் பதிவு அந்தப் பாவத்துக்கான பரிகாரம்.

வந்தது எங்க சித்தப்பா. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் கையில். நான் என்ன பாக்கணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நேரா போய் எட்டு இடம் காட்டுற ஒரு டூருக்குப் பணம் கட்டிட்டு வந்துட்டேன். துணைக்கு நானும்.

வேளச்சேரியிலேருந்து காலை ஆறரைக்கே கிளம்பி பஸ் புறப்படுற இடத்துக்குப் போனோம். கோட்டை, மியூசியம், வள்ளுவர் கோட்டம், பாம்புப் பண்ணைன்னு வரிசையா இறக்கி இறக்கி ஏத்தினாங்க. மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தப்ப மணி பன்னிரண்டே முக்கால். கபாலீஸ்வரர் கோயில் நடை சாத்தியாச்சு. சாயங்காலம் நாலு மணி வாக்குலதான் திறப்பாங்க. இது மெட்ராஸ்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அட்டவணை போட்டவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கோயில் நேரத்துக்கு பஸ்ஸை மாத்தினா மத்த ஏழு இடமும் இடிக்கும். அதனால கோபுரத்தைக் காட்டி, "கபாலீஸ்வரர் கோயில்... போட்டோ எடுத்துக்குங்க"ன்னு அஞ்சு நிமிஷம் கொடுத்தார் கைடு. அடுத்ததா ஒரு கைவினைப் பொருள் கடையில் மட்டும் முழுசா அரை மணி நேரம். அங்கே யாரும் அவசரப்படுத்தலை. ஏன்னு நீங்களே யோசிச்சுக்குங்க மக்களே :-)

இதையெல்லாம்கூட மன்னிச்சுடலாம். எழும்பூர் மியூசியத்தில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியலை. நாப்பத்தஞ்சு நிமிஷம் கொடுத்தாங்க. அது ஒரு கட்டடம் இல்லை, ஒரு வளாகம். பஸ் கும்பலோட போய் திமிங்கில எலும்புக்கூட்டைப் பாத்தோம், சிலை சிலையா கடந்தோம், விசில் அடிச்சாச்சு. பஸ்ல ஏறி உக்காந்ததும் சித்தப்பா மெதுவா கேட்டார்: "ஏல, நம்ம ஊரு சாமானை எல்லாம் எங்கலே வச்சிருக்கானுவ?"

அப்பதான் எனக்கு உறைச்சுது.

ஆதிச்சநல்லூர் அவருக்குப் பக்கத்து ஊர். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பறம்பு. அங்கே ஓட்டாஞ்சில்லு பொறுக்கி விளையாடி வளர்ந்தவர் அவர். 1876ல் யாகோர்னு ஒரு ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ சில வருஷம் தோண்டினார். முதுமக்கள் தாழி, இரும்பு ஆயுதம், வெண்கலச் சாமான், நெத்தியில் கட்டுற தங்கப் பட்டம்னு அவர் எடுத்ததெல்லாம் எழும்பூர் மியூசியத்துக்கு வந்தது. இதையெல்லாம் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடமா நடத்தின மனுஷன், ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போகலாம்னு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல ரயிலேறி வந்திருக்கார். நான் அவருக்குத் திமிங்கிலத்தைக் காட்டியிருக்கேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மொத்தம் ஒன்பது மணி நேரம். பஸ்ல உக்காந்தது, சாப்பாடு, கடை, தாமதமா வந்தவங்களுக்காகக் காத்திருந்தது எல்லாம் சேத்தா அஞ்சரை மணி. மிச்சம் மூணரை மணியை எட்டு இடத்துக்குப் பங்கு போடுங்க. ரெண்டு நாள் பயணத்தில் நேரம் கம்மி, அதனால டூர்தான் சரின்னு சொல்றாங்களே, அவங்களுக்கு என் கேள்வி: நேரம் கம்மியா இருக்கிறவன்தானே அதை அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது?

ஞாயித்துக்கிழமை காலை வேளச்சேரி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் பிடிச்சோம். 2007லேருந்து இந்த ரயில் நம்ம வாசலுக்கு வருது. ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல செலவில்லை. ஜன்னல் வழியா பக்கிங்காம் கால்வாய், மந்தைவெளி மொட்டை மாடிகள், சேப்பாக்கம் ஸ்டேடியம் எல்லாம் ஓசியில் பாத்தாச்சு. பார்க் டவுன்ல இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன். அங்கேருந்து அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அப்புறம் ஒரு ஆட்டோ.

உண்மையைச் சொல்லணும். தானா சுத்துறதும் சுகமில்லை. முதல் ஒரு மணி நேரம் தப்புத் தப்பான கட்டடத்துக்குள்ள போய் வந்தோம். கடைசியில் அங்கே வேலை பாக்கிற ஒரு அம்மா வழி காட்டினாங்க. அதுக்கப்புறம் சித்தப்பா என்னைக் கவனிக்கவே இல்லை. துருப்பிடிச்ச இரும்பு முன்னாடி, பானை முன்னாடி கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னார். எழுதியிருந்தது ரெண்டு வரி. அவர் சொன்னது ரெண்டு மணி நேரம். தாழிக்குள்ள ஆளை எப்படி உக்கார வச்சாங்க, கூட என்னென்ன வச்சாங்க, ஊர்ல அந்தப் பறம்பு மேல ராத்திரி ஏன் யாரும் போக மாட்டாங்க... பக்கத்தில் நின்ன ஒரு காலேஜ் பொண்ணு நோட்டை எடுத்துக் குறிப்பே எழுத ஆரம்பிச்சுட்டா.

அங்கேதான் புரிஞ்சுது. கைடு மேல எனக்குப் பகையே இல்லை. அன்னைக்கு எங்களுக்குக் கைடு இருந்தார், அது சித்தப்பா! மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுக்கு முன்னாடி நூறு பேர் செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க. அதிலேயே ஒரு பூனை ஒத்தைக்காலில் நின்னு தவம் பண்ணுது, காலடியில் எலிகள் இருக்குன்னு ஒருத்தர் விரல் நீட்டிக் காட்டினாத்தான் தெரியும். அந்த விரலுக்குத் தாராளமா காசு கொடுங்க. 2004லேருந்து ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மெட்ராஸ் தினம் கொண்டாடுறாங்க. அந்த நாட்களில் ஊரை அறிஞ்சவங்க கூட்டிப் போற நடைகளுக்குப் போய்ப் பாருங்க, ஒரே தெருவில் ரெண்டு மணி நேரம் நிக்க வைப்பாங்க. இடத்துக்கு ஆள் வேணும். ஊரையே மூட்டை கட்டிக் காட்டுற பஸ்தான் வேண்டாம்ங்கிறேன்.

"வயசானவங்க, மொழி தெரியாதவங்க, தனியா வர்ற பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஏசி பஸ்ஸும் கூட நாலு பேரும் பெரிய தைரியம்தான். ஆனா எங்க சித்தப்பாவுக்கு வயசு எழுபத்திரண்டு. சனிக்கிழமை எட்டு தடவை ஏறி இறங்கினதில் முழங்கால் வீங்கிப் போய் ராத்திரி தைலம் தேச்சார். ஞாயித்துக்கிழமை ஒரே இடத்தில் இருந்துட்டு, மதியம் வீட்டுக்கு வந்து படுத்து எழுந்து, சாயங்காலம் நம்ம தண்டீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே வந்தார். எந்த டூர் பஸ்ஸும் எட்டிப் பாக்காத கோயில். அங்கே சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்குன்னு பதினோரு வருஷமா வேளச்சேரியில் குடியிருக்கிற எனக்கு அவர் காட்டினார். வெக்கமா இருந்துச்சு.

அதனால மக்களே, விருந்தாளி வந்தா டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி "என்ன பாக்கணும்?"னு ஒரு கேள்வி கேளுங்க. அந்த ஒண்ணை முழுசா காட்டுங்க. மிச்சத்தைக் காலும் ரயிலும் பாத்துக்கும். போறதுக்கு முன்னாடி லீவு நாளையும் பாத்துக்குங்க: எழும்பூர் மியூசியமும் கோட்டை மியூசியமும் வெள்ளிக்கிழமை கிடையாது, பாம்புப் பண்ணை செவ்வாய்க்கிழமை கிடையாது.

அடுத்த மாசம் அத்தை வர்றாங்க. புத்தி வந்தவனா போன்லயே கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா, ரங்கநாதன் தெருவில் ஒரு நாள் முழுக்க விட்டாப் போதும்"னாங்க. அதுக்கும் கைடு வேண்டாம். பை தூக்கத்தான் ஆள் வேணும் :-(

டிஸ்கி: டூர் பஸ் ரசிகர்கள் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம். ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க சாமி!