டெஸ்ட் எடுத்தால்தான் அப்பாவா?

"டிஎன்ஏ டெஸ்ட் இல்லாமல் அப்பா யாரென்று கோர்ட்டில் நிரூபிக்கவே முடியாது" என்று டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை அடித்துச் சொல்கிறார்கள். 2012-இல் அரசியல்வாதி என்.டி. திவாரிதான் தந்தை என்று காட்டிய பரிசோதனை முடிவு இந்த எண்ணத்தைக் கெட்டிப்படுத்திவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

திருமணத்துக்குள் பிறந்த குழந்தையென்றால் நிரூபிக்கும் பாரமே தாய்க்குக் கிடையாது. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போது பிறந்தாலும், அது முறிந்த 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்தாலும், அந்தக் கணவனே தந்தை. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 112-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116. மறுக்கிற தரப்புதான், கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். வெறும் சந்தேகம் செல்லாது.

"கேட்டால் டெஸ்டுக்கு உத்தரவு கிடைத்துவிடுமே" என்பார்கள். கிடைக்காது. வழக்கமாக அப்படி உத்தரவிடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் அங்கே முடிந்த கேரள வழக்கைப் பாருங்கள். 2001-இல் மகன் பிறந்தபோது தாய் கணவனோடுதான் வாழ்ந்தார். விவாகரத்துக்குப் பிறகு, மகனின் தந்தை வேறொருவர் என்று தாயே சொல்லி, பிறப்புப் பதிவில் பெயரை மாற்றக் கேட்டார். சேர்ந்து வாழ்ந்தது உண்மை, ஆகவே கணவனே தந்தை, டெஸ்ட் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. தாயின் வாக்குமூலமே எடுபடவில்லை!

எதிர் உதாரணம் உண்டு. 2014-இல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் அறிவியலே வென்றது. ஆனால் அங்கே டெஸ்ட் ஏற்கெனவே எடுக்கப்பட்டு, முடிவு கையில் இருந்தது.

திருமணமின்றிப் பிறந்த குழந்தைக்கு வேலை கூடுதல்தான், வழி அடைபடவில்லை. பிரசவத்துக்குச் சேர்த்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் போட்ட கையெழுத்து, பள்ளிச் சேர்க்கைப் படிவம், ரேஷன் கார்டு, மாதாமாதம் அனுப்பிய பணம், சொந்தபந்தம் குழந்தையை எப்படி நடத்தியது என்ற சாட்சி எல்லாமே ஆதாரம். பல்லாண்டு கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் தம்பதியாகவே கொண்டு, அவர்கள் பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டென்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் சேர்த்துவைக்கச் சொல்லாமல், டெஸ்டுக்கு மனுப் போடுவதையே முதல் வேலையாகச் சொல்லும் வக்கீல்களை எனக்குப் பிடிப்பதில்லை.

நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் ஆள் வராவிட்டால்? அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.