பற்றும் வரவும்

தமிழிலே ‘கடை’ என்னும் ஒரு சொல் வாயிலையும் குறிக்கும், முடிவையும் குறிக்கும், அங்காடியையும் குறிக்கும். பலாங்கொடையிலிருந்து ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைக்கு ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை கடந்து பதுளைக்குச் செல்லும் சாலையில் பலகை அடைத்துக் கிடக்கும் சிறு கடைகளைக் காணுந்தோறும் இம்மூன்று பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

பழந்தமிழர் பகலில் நடப்பதை நாளங்காடி என்றும், இரவில் நடப்பதை அல்லங்காடி என்றும் வகுத்தனர். மலைநாட்டுச் சிறுகடையோ இரண்டுமாக விளங்கியது. விடியுமுன் கொழுந்தெடுக்கச் செல்வோர்க்குத் தேநீரும் ரொட்டியும் அங்கேதான். அந்தியிலே அரிசி, மா, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் யாவும் அங்கேதான். எழுத்தறிந்த ஒருவர் வீரகேசரியையோ தினகரனையோ உரக்கப் படிக்க, அறியாதார் பலர் செவிமடுத்ததும் அவ்விடத்திலேதான். பள்ளிக்கூடம் எட்டாத இடத்திலும் இத்தகைய கடை ஒன்று இருந்தது.

ஆயினும் அக்கடையின் உயிர் அதன் பற்று வரவுக் கொப்பியிலே இருந்தது. தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருவது. பசியோ நாள்தோறும் வருவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களைத் தாங்கியவர் கடைக்காரரே. பொருளைக் காசுக்கு வாங்கிக் கடனுக்கு விற்றார். வாங்கியவர் கணக்கில் எழுதப்படுவதைப் ‘பற்று’ என்கிறோம். அன்புக்கும் அதுவே பெயர்.

இம்மலைகளில் கடைகள் மூடப்படுவது இதுவே முதன்முறையன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அதன்படி மக்கள் கப்பலேறியபோது வாங்குவோரை இழந்த கடைகள் உண்டு. வைத்திருந்தவரையே இழந்த கடைகளும் உண்டு. 1983 ஜூலையில் பதுளை நகரிலே தமிழர் கடைகள் தீக்கிரையாயின. முன்னது சட்டத்தால் நேர்ந்த இழப்பு. பின்னது தீயால் நேர்ந்த கொடுமை. மூன்றாவதாக வந்தது விலை.

2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குள் கிடைத்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,800 ரூபாவைக் கடந்தது. அவ்விலைக்கும் அது கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றனர். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அப்போது 1,000 ரூபா. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் உணவு விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததினும் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். மாதத் தொடக்கத்திலே கடனாகக் கொடுத்த மாவுக்குரிய பணம் சம்பள நாளில் ஒரு சதமும் குறையாமல் திரும்பி வந்தாலும், அப்பணம் முன்னிலும் குறைந்த மாவையே வாங்கப் போதுமானதாயிற்று. வாங்கியவர் ஏமாற்றவில்லை, விற்றவர் தவறு செய்யவில்லை, கைமுதல் மட்டும் கரைந்தது. காசுக்கு மட்டுமே விற்றவர் தாக்குப்பிடிக்க, நம்பிக் கொடுத்தவரே முதலில் வீழ்ந்தார். இரக்கமே இழப்புக்குக் காரணமாகும் காலம் நல்ல காலமன்று.

கடன் கொப்பி எல்லாம் தருமக் கொப்பி என்று கூற வந்தேனல்லேன். கங்காணிமார் காலத்துத் ‘துண்டு’ முறை கடனையே விலங்காக்கித் தொழிலாளரைக் கட்டிவைத்தது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. படிக்கத் தெரியாதவன் கணக்கில் கூட்டி எழுதிய கையும் உண்டு. வள்ளுவர் வணிகருக்குரிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தது காரணமின்றியன்று.

பதுளை, பண்டாரவளை நகரங்களிலே ஒளிமிக்க பேரங்காடிகள் இருக்கின்றன, விலை எழுதியிருக்கிறது, நிறை சரியாயிருக்கிறது, பிறகு சிறுகடை எதற்கு என்பாரும் உளர். விலைச்சீட்டும் சரியான நிறையும் சிறுகடையும் கற்கத்தக்கவையே. ஆனால், மாதக் கடைசியில் கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கு அங்கே பால்மா பற்றெழுதித் தருவார் யார்? அப்புத்தளை மலைகளில் 1890இல் தோட்டம் வாங்கிய லிப்டன் துரையும், 1871இல் கிளாஸ்கோ நகரத்திலே ஒரு சிறு மளிகைக் கடையோடு தொடங்கியவரே. பெருங்கடையின் வேர் சிறுகடையிலே இருக்கிறது.

ஆதலால் செய்யத்தக்கன சில உள. பிரதேச சபைகள் தம் கடையறைகளைச் சிறு வணிகருக்குக் குறைந்த வாடகையில் வழங்கலாம். சிறுகடைக்காரர் கூட்டுறவு முறையிலே ஒன்றுசேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். கைமுதல் இழந்தோர்க்கு அரச வங்கிகள் சிறு கடன் அளிக்கலாம். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஊர்க்கடையிலே கைக்காசு கொடுத்து வாங்கலாம். அக்காசுதான் வறியவரின் பற்றைத் தாங்கும் முட்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்யவேண்டிய ஒன்றுண்டு. மூடிய கடையின் பெட்டிக்குள் இருக்கும் கொப்பியில் எவர் பெயரேனும் இன்னும் அடிக்கப்படாமல் இருக்குமாயின், அவர் அக்கடைக்காரரைத் தேடிச் சென்று அப்பற்றைத் தீர்ப்பாராக. கடை அடைபட்டதனால் கடன் அடைபட்டுவிடாது.