மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனவர்

ஆண்டுதோறும் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும்போது கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஒரு சடங்கு நடக்கும். ஏசி அரங்கில் கோட் போட்ட ஒரு பேச்சாளர் வந்து, கல்லூரியில் ஜெயிப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேசுவார். முதல் பெஞ்சில் உட்காருங்கள். கூச்சப்படாமல் சந்தேகம் கேளுங்கள். எல்லோரோடும் கலந்து பழகுங்கள். 'நெட்வொர்க்'தான் எதிர்காலம். நானும் அப்படி ஓர் அரங்கில் உட்கார்ந்து கைதட்டியவன்தான். அன்னூர் பக்கத்துக் கிராமத்தில், ஊருக்கு வெளியே இருக்கும் வளவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். அம்மாவுக்கு மில் வேலை, அப்பாவுக்குத் தோட்டத்து வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை. ஆனால் அத்தனையும் சாதியே இல்லாத ஒரு மாணவனுக்குச் சொன்னவை. அப்படி ஒரு மாணவனைக் கொங்கு மண்ணில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

தோழர்களே, இதே கோவையில் படித்த ஒரு மாணவரை நினைவுபடுத்துகிறேன். ரெட்டமலை சீனிவாசன். 1939இல் வெளிவந்த தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோவைக் கல்லூரி நாட்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் 10 பேரைத் தவிர எல்லோரும் பிராமணர்கள். பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடும், தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள் என்ற பயம். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். யாரோடும் விளையாட முடியாத கொடுமையை எண்ணி எண்ணிக் கலங்கியிருக்கிறார்.

நமது பேச்சாளரின் கணக்குப்படி பார்த்தால் அவர் ஒரு தோற்றுப்போன மாணவர். முன்னதாக வரவில்லை, யாரோடும் பழகவில்லை, நெட்வொர்க் இல்லை!

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன, எல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். மாறியிருக்கிறது. இன்று வகுப்பில் நாங்கள் 10 பேருக்கு மேல் இருக்கிறோம். இடஒதுக்கீடு கொண்டுவந்த மாற்றம் அது. ஆனால் அந்தப் பழைய கேள்வி மட்டும் மாறவில்லை. "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பிக்கும். "அந்த ஊர்ல எந்தப் பக்கமுங்க? குலதெய்வம் எதுங்க? என்ன கூட்டமுங்க?" நாலே கேள்வி. பதில் சரியாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் பங்காளியா, மாமன் மச்சானா என்று உறவு முடிவாகிவிடும். பதில் வராவிட்டால் அடுத்த நாளிலிருந்து டிபன் பாக்ஸ் கொஞ்சம் தள்ளி வைக்கப்படும். என் விடுதி அறைத்தோழன் மூன்றாம் நாள் வேறு அறைக்கு மாறினான். காரணம் கேட்டதற்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

கொங்கு மண்ணில் நெட்வொர்க் என்றால் இந்தக் 'கூட்டம்'தான். மூன்றாமாண்டில் பயிற்சிக்கு ஒரு கம்பெனி பிடிக்க வேண்டும். கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை, பம்பு கம்பெனி, பவுண்டரி வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ என் வகுப்பில் பலருக்கு இருந்தார். ஒரு போனில் வேலை முடிந்தது. நான் பதினோரு கம்பெனி வாசலில் பயோடேட்டாவோடு நின்றேன். பிளேஸ்மெண்ட் நாளன்று இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள். அதற்குப் பெயர் தகுதியாம், திறமையாம்.

'எல்லோரோடும் கலந்து பழகுங்கள்' என்பது இன்னும் கொடிய பகடி. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். 2015 ஜூனில் அங்கிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் உள்ளிட்டோருக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கிடைத்தது. உடுமலை சங்கர் பொள்ளாச்சியில் பொறியியல் மாணவர். கூடப் படித்த கௌசல்யாவைத் திருமணம் செய்த குற்றத்துக்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த மாவட்டங்களின் கல்லூரி மேடைகளில் இந்த இரண்டு பெயரையும் சொல்லாமல் கலந்து பழகச் சொல்கிறவர், ஒன்று அறியாதவர் அல்லது அயோக்கியர்.

அப்படியானால் எங்கள் பிள்ளைகள் என்னதான் செய்வது? எனக்கு யாரும் சொல்லித் தராததை இப்போது கல்லூரிக்குள் நுழையும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

ஒன்று, காகிதம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை முதல் மாதத்திலேயே தயார் செய்யுங்கள். 2012இல் வந்த அரசாணை 92ஐப் படித்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலிங்கில் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். ஸ்காலர்ஷிப் வரவில்லை, அதனால் ஹால் டிக்கெட் இல்லை என்றால் வாயால் சண்டை போடாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நகலை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு அனுப்புங்கள். என் கல்லூரியில் தேர்வு நாளன்று எங்களை மட்டும் தனி வரிசையில் நிற்க வைத்தார்கள். அந்த வரிசையில் நின்ற அவமானத்தில் ஒருவன் படிப்பையே விட்டுப் போனான். பாக்கி நிற்கும் உதவித்தொகை சின்ன விஷயமல்ல. ரோஹித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில்கூட ஏழு மாத உதவித்தொகை பாக்கியைக் குறிப்பிட்டிருந்தார்.

இரண்டு, அரியர். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலமும் கணக்கும் கழுத்தைப் பிடிக்கும். எனக்கு நாலு அரியர். "கோட்டாவுல வந்தா அப்படித்தான்" என்று காதுபடவே சொன்னார்கள். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் வந்தவனுக்கு ஆறு அரியர். அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய கேள்வித்தாள்களைச் சேகரியுங்கள். மூன்று பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சத்தமாக, தமிழிலேயே விளக்குங்கள். புரிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நான் அரியரை முடித்தது இப்படித்தான்.

மூன்று, கூட்டாளிகள். சாதியை மறைத்து வாழ்கிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ரெட்டமலையாரே மறைந்து நடந்தவர். ஆனால் தனியாக இருக்காதீர்கள். ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குங்கள், அம்பேத்கரையும் பெரியாரையும் படியுங்கள். 2015இல் சென்னை ஐஐடி நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் திருப்பிக் கொடுத்தது. பத்துப் பேர் சேர்ந்து படித்தால் என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

நான்கு, புகார். பாகுபாடு நடந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும் என்று யுஜிசி 2012லேயே விதி போட்டது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டு மனுப் போடுங்கள். அந்தக் கேள்வியே பாதிப் பேரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இதைப் படிக்கும் ஆதிக்க சாதி நண்பர்களுக்கும் ஒன்று உண்டு. முற்போக்கு என்று சொல்லிக்கொண்டு ஸ்டேட்டஸ் வைப்பது போதாது. 'என்ன கூட்டம்' என்ற கேள்வியை உங்கள் அறையில் யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் மாமாவின் பட்டறைக் கதவை வகுப்பில் உள்ள எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள். மாமா மறுத்தால், உங்கள் திறமையில் மாமாவின் பங்கு எவ்வளவு என்றாவது தெரிந்துகொள்வீர்கள்.

யாரும் எட்டாதபடி வேகமாக நடந்து போன அந்தக் கோவை மாணவர் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயர் தெரிந்துவிடும் என்று பயந்தாரோ, அதையே தலைப்பில் அச்சிட்டார். 1924இல் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். கல்லூரியில் ஜெயிப்பது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம். பயந்த இடத்துக்கே திரும்பி வந்து, அடுத்து வருகிறவருக்குக் கதவைத் திறந்து வைப்பது.

உங்கள் கல்லூரியிலும் மணி அடிக்கும்வரை வெளியே நிற்கிற ஒரு பிள்ளை இருக்கும். நாளைக் காலையில் போய்த் தேடுங்கள். பெயரை மட்டும் கேளுங்கள், ஊரைக் கேட்காதீர்கள். சேர்ந்து உள்ளே போங்கள்.