மவுஸைக் கொஞ்சம் ஓரமா வைங்க, தம்பி

வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரக் கிளம்பியிருக்கும் இளைஞர்கள்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவர்கள் நல்ல பிள்ளைகள். காசு வாங்குவதில்லை, மரியாதையாகப் பேசுகிறார்கள், நடுவில் டீ கூடத் தருகிறார்கள். ஆனால் முதல் வகுப்பிலேயே மவுஸைக் கையில் கொடுத்துவிட்டு, "சார், நீங்க இதை மட்டும் வச்சுக்குங்க, போதும். ஷார்ட்கட் கீ எல்லாம் ஞாபகம் வச்சுக்கறது உங்களுக்குக் கஷ்டம்" என்கிறார்கள். இதைக் கரிசனம் என்று நினைக்கிறார்கள். நான் சொல்கிறேன், விஷயம் நேர் தலைகீழ். இந்தக் கீ எல்லாம் யாருக்காவது கட்டாயம் வேண்டுமென்றால், அது அறுபது தாண்டிய நமக்குத்தான்.

மவுஸ் நம்மிடம் என்ன கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடுகளவு படத்தின்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்திய கை ஆடக்கூடாது. அப்புறம் டக் டக்கென்று இரண்டு தட்டு, அதுவும் சட்டென்று. கொஞ்சம் தாமதித்தால் இரண்டும் தனித்தனித் தட்டாகிவிடும். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் பொத்தானை அமுக்கியபடியே இழுக்க வேண்டும், வழியில் விரல் நழுவினால் முதலிலிருந்து ஆரம்பம். கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கும், லேசாக நடுங்கும் விரலுக்கும், தேய்ந்த மணிக்கட்டுக்கும் இதைவிடப் பொருத்தமில்லாத கருவி உண்டா? இருபது வயதுப் பையனுக்கு எளிது என்பதால் எழுபது வயதுக்காரருக்கும் எளிது என்று யார் முடிவு செய்தார்கள்?

எங்கள் நகரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தன் அம்மா சொன்ன கதைகளை நோட்டில் எழுதி வைத்திருப்பவர், அதைத் தட்டச்சு செய்து பேரன் பேத்திகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இப்படி ஒரு வகுப்புக்குப் போனார். மூன்றாம் நாளோடு நின்றுவிட்டார். "எனக்கு வராதுப்பா, வயசாயிடுச்சு" என்றார். நாற்பது நிமிடம் அந்த அம்பைத் துரத்திக்கொண்டே இருந்தாராம். வராதது எது? தமிழும் வந்தது, தட்டுவதும் வந்தது. மவுஸ் ஒன்றுதான் வரவில்லை. அதற்காக ஒரு மனிதர் தன் மூளையே தேய்ந்துவிட்டது என்று நம்பி வீடு திரும்புகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஞாபகம் இருக்காது என்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குக் காலை ஆறு மணிக்குப் போய் லோயர், ஹையர் முடித்தவர்கள்! இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஏ, எஸ், டி, எஃப் மேல் இடது கை விரல்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூளை மறந்ததை விரல் மறப்பதில்லை. தட்டச்சே படிக்காதவர்களுக்கும் கோலம் போட்ட கை, தவில் வாசித்த கை, தறி ஓட்டிய கை இருக்கிறது. பழகின விரல் வயதைக் கேட்பதில்லை.

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதனோடு மவுஸ் வரவில்லை. 1978-இல் வெளிவந்த வேர்டுஸ்டார்தான் அந்தக் காலத்தில் கடிதம் அடிக்கும் மென்பொருள். பத்தியின் தொடக்கத்தில் கன்ட்ரோல் கே, பி. முடிவில் கன்ட்ரோல் கே, கே. அப்புறம் கர்சரை வேறிடம் கொண்டுபோய் கன்ட்ரோல் கே, வி என்றால் பத்தி அங்கே போய்விடும். ஓய்வுக்கு நாலைந்து வருடமே மிச்சமிருந்த தலைமைத் தட்டச்சர்கள் இத்தனையையும் கற்றுக்கொண்டு வேலை பார்த்ததை நான் கண்ணால் பார்த்தவன். அவர்களுக்கு முடிந்தது, இன்றைக்கு அதைவிட எளிதான கன்ட்ரோல் + எஸ் நமக்கு முடியாதா?

அடுத்தது, இடத்தை வைத்துக் கற்ற பாடம் நிலைக்காது. வேர்டு 2003 வரை மேலே ஃபைல், எடிட், வியூ என்று பட்டியல்கள் தொங்கும். எடிட்டில் இத்தனாவது வரி என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் எல்லாம் 2007 பதிப்பு வந்ததும் திண்டாடிப் போனார்கள். பட்டியலைத் தூக்கிவிட்டு ரிப்பன் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள், எது எங்கே போனது என்று தேடவே நாள் போனது. ஆனால் கன்ட்ரோல் + சி மாறவில்லை. கன்ட்ரோல் + பி மாறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸுக்குப் போனாலும் அதே கீதான். 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் அவருடைய சகாக்களும் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். டெஸ்லர் 2020-இல் காலமானார். அவர்கள் கொடுத்த வெட்டு, நகல், ஒட்டு மூன்றும் இன்றைக்கும் எக்ஸ், சி, வி என்று கீழ்வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒருமுறை கற்றால் ஆயுசுக்கும் போதும் என்கிற பாடத்தை விட்டுவிட்டு, அடுத்த பதிப்பில் காணாமல் போகிற பாடத்தைச் சொல்லித்தருவது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பிலும் பெரிய ஆள் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தில் இருந்த புரூஸ் டோக்னாசினி, மவுஸ்தான் உண்மையில் வேகம், கீ வேகமாக இருப்பதுபோலத் தோன்றுவது மயக்கம் என்று எழுதியிருக்கிறார். இருக்கட்டும். ஸ்டாப் வாட்ச் வைத்து அவரோடு சண்டை போட நான் வரவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு இரண்டு வினாடி மிச்சமாகி என்ன ஆகப்போகிறது? என் பேச்சு வேகத்தைப் பற்றியதே அல்ல. கையை எடுக்காமல், கண்ணை அலையவிடாமல், எழுதுகிற வரியிலேயே மனசு நிற்க வேண்டும். அதற்குத்தான் கீ.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்களின் பெரிய தடை அறியாமை இல்லை, "எதையாவது அமுக்கிக் கெடுத்துடுவேனோ" என்கிற பயம். டைப்ரைட்டரில் ஒரு எழுத்து தப்பினால் மேல் தாளோடு கார்பன் நகல் ஒவ்வொன்றிலும் ரப்பர் போட்டவர்கள் நாம், அந்தப் பயம் லேசில் போகாது. அதற்கு மருந்து கன்ட்ரோல் + இசட். அடித்தது அழிந்ததா, எழுத்தெல்லாம் திடீரென்று தடித்துவிட்டதா, உடனே ஒரு தட்டு, பழையபடி ஆகிவிடும். முதல் வகுப்பின் முதல் பாடமே இதுவாக இருக்க வேண்டும். தவறினால் திரும்பலாம் என்று தெரிந்தவன்தான் தைரியமாக நடப்பான்.

"அதெல்லாம் தானா சேவ் ஆகிடும் சார்" என்பதையும் நம்பாதீர்கள். வேர்டில் தானியங்கிச் சேமிப்பு என்பது கோப்பு இணையக் கிடங்கில் இருந்தால்தான். நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கோப்புக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புக்காக எடுத்து வைப்பதுதான் வழக்கமான ஏற்பாடு. ஒன்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனால்? நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? பத்தி முடிந்தால் கன்ட்ரோல் + எஸ். முற்றுப்புள்ளி வைப்பதுபோலப் பழகிவிட வேண்டும்.

இரண்டு கீயைச் சேர்த்து அமுக்க முடியாதவர்கள், ஒரு கை விழுந்தவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். விண்டோஸில் ஷிஃப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டுங்கள், ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி வரும். பிள்ளைகள் தொந்தரவென்று அதை மூடிவிடுவார்கள். ஆம் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் கன்ட்ரோலைத் தட்டிக் கையை எடுத்துவிட்டு, நிதானமாக எஸ்ஸைத் தட்டினால் போதும். ஒற்றை விரலால் எல்லாம் நடக்கும். நம்மைப் போன்றவர்களை நினைத்து வைத்த வசதி இது. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற "நூறு ஷார்ட்கட் கீகள்" பட்டியலையும் இதே மூச்சில் கண்டிக்கிறேன். அது ஆளை விரட்டுகிற பட்டியல். அதில் ஷிஃப்ட் + எஃப் 3 என்று ஒன்று இருக்கும், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைச் சின்னதாக்க. தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? நமக்கு எட்டு போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் கன்ட்ரோல். இசட் செய்ததை மீட்க, எஸ் சேமிக்க, ஏ முழுவதையும் தேர்ந்தெடுக்க, எக்ஸ் வெட்ட, சி நகலெடுக்க, வி ஒட்ட, பி அச்சிட, எச் ஒரு சொல்லைத் தேடி மாற்ற. இந்தக் கடைசியை எளிதாக நினைக்காதீர்கள். கும்பாபிஷேக மலரில் உபயதாரர் பெயர் முப்பது இடத்தில் தப்பாக இருந்தால், முப்பதும் ஒரே தடவையில் சரியாகும். தமிழ்99-இல் தட்டினாலும் பழைய டைப்ரைட்டர் முறையில் தட்டினாலும் இவை பொதுவாக அப்படியே வேலை செய்யும்.

மவுஸையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. படத்தை நகர்த்த, அட்டவணையின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க, பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று வேடிக்கை பார்க்க அது வேண்டும். ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, எழுதுவது வேறு.

அந்தத் தமிழாசிரியருக்கு இந்த எட்டையும் தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துத் தட்டினார், மூன்றாம் வாரம் அதைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். அம்மா கதைகள் இப்போது பதினொன்று முடிந்திருக்கின்றன.

ஆகவே வகுப்பு நடத்தும் தம்பிகளே, தங்கைகளே, எங்களுக்கு எது முடியாது என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டு வராதீர்கள். படிக்கப் போகும் நண்பர்களே, நீங்களும் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். முதல் நாளே கேளுங்கள்: "தம்பி, அந்தக் கன்ட்ரோல் இசட் எப்படின்னு முதல்ல சொல்லிக் குடுங்க." கேட்டால் சொல்லாமலா போய்விடுவார்கள்!